மனைவியின் தீவில் பணி

அன்று காலை ஸ்டேஷனில் இருந்தவர்கள்: சார்ஜென்ட் ஹெட்லி வோலெக், தரையில். முந்தின இரவு நான் பிடித்துவந்த எலிசன் குவாரோ, பெஞ்சில். தலைநகர் விலாவிலிருந்து முதல் விமானத்தில் வந்த பணியாளர் பிரிவுப் பெண் இன்ஸ்பெக்டர் லெய்சாவி, நாற்காலியில். இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான், வாசலில்.

வோலெக்கின் மூன்று பட்டைகளைப் பிடுங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் லெய்சாவி வந்திருந்தார். தெற்குத் தீவுகளில் இருந்தவரை வோலெக் நல்ல போலீஸ்காரர். இரண்டு வெட்டுக்கத்திகளுக்கு நடுவே வெறுங்கையோடு போய் நின்றவர் என்று சொல்வார்கள். பிறகு தலைமையகத்துக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. குடும்பத்தைப் பிரிந்திருக்கும் போலீஸ்காரனுக்கு வேலை ஓடாது. ஒவ்வொருவனையும் மனைவியின் தீவுக்கே அனுப்பலாம். யோசித்தவர்களில் ஒருவரும் எங்களுடைய இந்தப் பேங்க்ஸ் தீவுகளில் பெண் எடுத்திருக்கவில்லை. இங்கே வந்ததிலிருந்து வோலெக் ஒரு வழக்கும் பதியவில்லை. சண்டை என்று யாராவது ஓடிவந்தால், ஜீப்புக்கு அடியில் படுத்து எதையாவது திருகிக்கொண்டிருப்பார். கோழை என்று பேராகிவிட்டது. அவர் மறுக்கவும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்காதபோது நான் என்னத்தைச் சொல்வது? நான் ஆசிரியர் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தவன், வேலையில் சுமார்தான். வேலை தெரிந்த ஒருவர் தினமும் கிரீஸ் கறையோடு வீட்டுக்குப் போவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இவன் பேரைச் சொல்லிக் குற்றத்தை வாசிங்க சார்ஜென்ட்," என்றார் லெய்சாவி.

வோலெக் தரையைப் பார்த்தார். "அவங்க... ஆஸ்பத்திரிக் கூரையில இருந்த சோலார் தகட்டைக் கழட்டி, கவா குடிக்க ஆளுங்க வர்ற அவங்க கடைக்கு மாட்டிக்கிட்டாங்க."

"யாரு?"

"அவங்க."

"திருடன் பெஞ்சுல, நீங்க தரையில. இதுல 'அவங்க' வேற. எவ்வளவு வாங்கினீங்க?"

வோலெக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இனி அது தலைக்குத் திரும்பாது என்று தீர்மானித்துவிட்ட மாதிரி.

குவாரோதான் பொறுக்காமல் கத்தினான். "யம்மா, அந்த மனுசனை விடுங்க! நான் அவர் பொண்டாட்டிக்கு அண்ணன். எங்க தீவு வழக்கப்படி என் பேர் அவர் வாயில வரக்கூடாது. என் தலைக்கு மேல அவர் தலை நிக்கக்கூடாது. இந்தத் தீவுல பாதிப் பேர் அவருக்கு மச்சான்தான். அவரை அனுப்ப உங்களுக்கு வேற ஊரே கெடைக்கலையா?"

லெய்சாவி நாற்காலியை வோலெக் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இதை ஏன் சார்ஜென்ட் நீங்க சொல்லலை?"

"சொன்னா இவங்க மேல புகார் சொன்ன மாதிரி ஆயிடும் மேடம். இங்க அனுப்பறப்ப நீங்களும் கல்யாணம் ஆச்சான்னுதான் கேட்டீங்க. யார் வீட்லன்னு கேக்கலை."

லெய்சாவி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். "எங்க பக்கம் மாமியாரைப் பாத்தா மரத்துக்குப் பின்னால ஒளியறவங்க உண்டு. ஜீப்புக்கு அடியில ஒளியற போலீஸை இப்பத்தான் பாக்கறேன். சரி, தெற்குக்கே போங்க. பட்டை இருக்கட்டும். வீட்ல ஒத்துக்குவாங்களா?"

"மூட்டை கட்டியே வச்சிருக்கா மேடம். கிரீஸ் சட்டையைத் துவைச்சுத் துவைச்சு அலுத்துப் போயிட்டா."

வோலெக் ஒரு மூச்சு விட்டார். இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தாரோ. நான் குவாரோவின் பேரைச் சொல்லிக் குற்றத்தை வாசித்தேன். நான் வேறு தீவுக்காரன், கல்யாணமும் ஆகவில்லை. எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஆனாலும் வோலெக் தரையைவிட்டு எழவில்லை.

குவாரோ அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "என்னைச் சீக்கிரம் உள்ள வை தம்பி. நான் இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அவர் எந்திரிக்க மாட்டார்."

அவனே நடந்து லாக்கப்புக்குள் போனான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன்.