சுயம்புலிங்கம் கட்டிய சேலை

தங்கபுஷ்பத்தின் சேலையை நான் வெட்டியிருக்கக் கூடாது. வெட்டித் தைத்து, கொக்கி வைத்து, ராயப்பேட்டையிலிருந்து மாம்பலம் வரைக்கும் ஸ்கூட்டரில் பெருமையாக வேறு எடுத்துக்கொண்டு போனேன்.

என் வேலையை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஆக்குபேஷனல் தெரபி என்றால் பாதிப் பேர் வேலை வாங்கித் தருவேன் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேருக்கு நான் எக்சர்சைஸ் டீச்சர். 1996இல், கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அடையாறு அமைப்பு ஒன்றில் சேர்ந்தபோது உம்மாவே கேட்டார்: "போவப்போறவங்களுக்கு இன்னாடி கத்துக்குடுப்பே, ஷாகிரா?" நான் கற்றுக்கொடுப்பதில்லை. இன்னும் என்ன செய்ய ஆசை என்று கேட்பேன். அதற்கு ஒரு வழி தேடுவேன். அவ்வளவுதான்.

தங்கபுஷ்பம் யோசிக்காமல் சொன்னார். "ஞாயித்துக்கெழம ஊர்லேருந்து எந் தங்கச்சி தாயம்மா வாரா. சேலை கெட்டி ஒக்காரணும். இந்த நைட்டியோட அவ மொகத்துல முழிக்க மாட்டேன்."

மார்பில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கிக் கிடந்தது. ஒரு நிமிடம் நின்றால் மூச்சு வாங்கும். இரண்டு மாதமாக வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். சேலை கட்ட முடியாவிட்டால் தங்கைக்கும் அதுதான் நடக்கும். அடுத்த ஞாயிறு என்று ஒன்று இருக்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

அவர் கணவர் சுயம்புலிங்கத்திடம் ஒரு சேலை கேட்டேன். தி.நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் சேலை எடுத்துப்போட்டவர். அலமாரியில் மேலாக இருந்த சுங்குடிச் சேலையைக் கொடுத்தார். கொசுவத்தை நிரந்தரமாகத் தைத்து, பாவாடை மாதிரி மாட்டிக்கொள்ளும்படி செய்தேன். பரீட்சையாக இருந்தால் முழு மதிப்பெண்.

தங்கபுஷ்பம் வெட்டிய விளிம்பை இடது கையால் தடவிப் பார்த்தார்.

"இது தாயம்மா எடுத்துக் குடுத்ததுல்லா?" என்றார் கணவரிடம். பிறகு என்னிடம், கோபமே இல்லாமல்: "வெட்டுன துணியக் கெட்டுனா அது சேலையா தாயீ? பொம்மைக்குல்லா அப்படி உடுத்துவாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நோயாளி முன்னால் அழக்கூடாது என்று சொல்லித்தந்தவர்கள், சேலையை வெட்டக்கூடாது என்று சொல்லித்தரவில்லை.

சுயம்புலிங்கம் உள்ளே போய் அரக்கு நிறத்தில் ஒரு நூல்சேலையோடு வந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். அப்புறம் வேட்டி சட்டைக்கு மேலேயே அதைச் சுற்றி, விரல்களுக்கு நடுவே மளமளவென்று கொசுவம் பிடித்து, முந்தானையைத் தோளில் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"கடையில கேக்கவியளுக்கு இப்படித்தான காட்டணும்," என்றார். "எம்மேல கெட்டித்தான் பழக்கம். அடுத்தவியளுக்குக் கெட்டிவிடத் தெரியாது."

நரைத்த மீசையும் அரக்குச் சேலையுமாக நின்ற கணவரைப் பார்த்துத் தங்கபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார்.

"ஊருல உள்ளவளுக்கெல்லாம் கெட்டிக் காட்டிருக்கீய. எனக்கு ஒருநாளாச்சும் காட்டுனீயளா?"

"நீ கேக்கவேயில்லையே."

"கொசுவம் பெருசு. சின்னதா வைங்க."

அவர் பிரித்து மறுபடி வைத்தார். "இன்னும் சின்னதா," என்றார் தங்கபுஷ்பம்.

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. கொசுவத்தை அவர் மேலேயே ஊக்கால் குத்தி, குலையாமல் கழற்றி, கட்டிலில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றிக் கொண்டுவந்தால், தங்கபுஷ்பம் நிற்க வேண்டியது கடைசி அரை நிமிடம்தான். முந்தானையை வலது தோளோடு சுற்றி இழுத்துவிட்டால் வீங்கிய கையும் மறையும். ஜாக்கெட்டின் வலது கையை மட்டும் பிரிக்க வேண்டும். இந்த முறை கேட்டுவிட்டுப் பிரித்தேன்.

"கொசுவத்தச் சொருகுறது நான்தான்," என்றார் தங்கபுஷ்பம். "அதுல ஒருத்தரும் கை வைக்கப்பிடாது."

மூன்று நாள் பழகினோம். வெள்ளியன்று கால் மடங்கி விழப்பார்த்தார். சனியன்று கண்ணைத் திறக்கவே நேரமாயிற்று. நாளை முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை ரயில் என்றைக்கும் இல்லாமல் சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது. சுயம்புலிங்கம் தன்மேல் கொசுவம் பிடித்து ஊக்குக் குத்தும்போதே கீழே ஆட்டோ நின்றது. படியில் செருப்புச் சத்தம். "அக்கா!" என்று கதவைத் தட்டினார் தாயம்மா.

சேலையோடு நின்ற சுயம்புலிங்கம் பதறினார். "தொறக்கவா?"

"பொறுங்க." தங்கபுஷ்பத்துக்கு மூச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. ஆனாலும் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது. "ஏட்டி தாயம்மா, கொஞ்சம் நில்லு. சேலை கெட்டிக்கிட்டிருக்கேன்."

வெளியே தட்டுவது நின்றது. சேலை ஆள் மாறியது. நான் தங்கபுஷ்பத்தை அணைத்துத் தூக்கி நிறுத்தினேன், ஒன்றுமே கனக்கவில்லை. தோளில் குத்த வேண்டிய ஊக்கை உதட்டில் கவ்விக்கொண்டு சுயம்புலிங்கம் முன்னால் மண்டிபோட்டு, கொசுவத்தை அடுக்குக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார். தங்கபுஷ்பத்தின் இடது கை சொருகுவதற்காகக் கீழே இறங்கி அதைத் தேடியது.