அறுபது நாளுக்கு மேல்

பாங் தொக்-சூவின் ரப்பர் காலணிகள் வாசலில்தான் கிடந்தன. உள்ளே சத்தமே இல்லை. டாக்டர் சொக் மியோங்-ஹீ மூன்றாவது முறையாகக் கதவைத் தட்டினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே காரை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மனைவி தவறிப்போன பிறகு சோறும் தூக்கமும் விட்டுப்போன மனிதர் அவர். இரத்த அழுத்த மாத்திரையோடு மனச்சோர்வுக்கான மாத்திரையையும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ஆறாவது வாரத்தில் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் மனநல மருத்துவர் அல்லாதவர்கள் மனச்சோர்வு மாத்திரையை அறுபது நாளுக்கு மேல் எழுதக் கூடாது என்பது அன்றைய விதி. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தாள். "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்கிட்டயா? ஊரே சிரிக்கும்மா" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர்தான். மூன்று வாரமாயிற்று. இரத்த அழுத்த மாத்திரைக்குக்கூட வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

மருத்துவர் கூட்டமொன்றில் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார்கள். இந்த மாத்திரை எழுதுவதில் வளர்ந்த நாடுகளிலேயே கொரியா கடைசி வரிசை, தற்கொலையில் முன்வரிசை. ஒன்றுக்கு ஒன்று காரணமா என்று பேராசிரியர்கள் முட்டிக்கொண்டார்கள். அந்த விவாதம் தீரும்வரை காத்திருக்க மியோங்-ஹீக்குப் பொறுமையில்லை. போன வருஷம் இதேபோல் கடிதம் வாங்கிப்போன ஒரு பெண்ணின் இறப்புச் சான்றிதழில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

"யாரது, கதவ ஒடைக்கிறது?"

குரல் பின்னாலிருந்து வந்தது. பாங் தோட்டத்து ஏணிமேல் பூட்ஸோடு நின்று, நெருக்கமாகக் காய்த்த ஆப்பிள் பிஞ்சுகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்யா போன எடுக்கல?"

"அது தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போச்சு, டாக்டரம்மா. நான் சாகல."

"மாத்திரை?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுதான் இருக்கேன். எல்லா மாத்திரையும் அங்கயே குடுத்துடறாங்க. பல்லு வலின்னு ஊர்ல சொல்லிட்டுப் போனா, அங்க நம்ம ஊர்த் தலைவர் உக்காந்திருக்காரு. அவருக்கும் பல்லு வலியாம்! இப்ப ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் போறோம்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது, ஆனால் நிற்கவில்லை. பாங் இறங்கி வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே குந்தினார்.

"நீங்க தூங்கி எத்தன நாளாச்சு, டாக்டரம்மா?"

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

"வியாழக்கெழம ஒம்பது மணி பஸ்ஸு. தலைவர்கிட்ட சொல்லி எடம் போட்டு வைக்கிறேன். யாராவது கேட்டா என்ன சொல்லணும்னுதான் தெரியுமே."

மியோங்-ஹீ மூக்கை உறிஞ்சினாள். பிறகு மெதுவாக ஒரு கையைத் தூக்கி, வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.