ஆயிரம் வேலையும் இரண்டு தையல் மெஷினும்

பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பைக்காரம்மாவின் பட்டறையில் தையல் மெஷின்கள் ஆறு, ஓடியது நான்குதான். மற்ற இரண்டும் மூன்று மாதமாகப் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளைகள் போல மூலையில் உட்கார்ந்திருந்தன. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். வெட்டிப்போட்ட துணியும் ஜிப்பும் தோள்பட்டியும் சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டன. வாசலில் 'தைக்க ஆள் தேவை' என்று பலகை மாட்டியிருந்தாள். போகிறவர்கள் நின்று, மரியாதையாக வாசித்துவிட்டுப் போனார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் கொழுந்தன் நகரசபைத் தேர்தலில் நின்றான். ஊரில் அவனுக்கு மைக் என்று பெயர். ஒரு கல்யாணத்தில் குழந்தை தொலைந்துவிட்டதென்று அறிவிக்க மைக்கைப் பிடித்தவன், குழந்தை கிடைத்த பிறகும் அரை மணி நேரம் விடவில்லை. வாயாலேயே பந்தல் போட்டு வாயாலேயே விருந்தும் வைக்கிற ஆள்.

"அண்ணி, நம்ம திட்டம் இதுதான். அஞ்சு வருஷத்துல ஆயிரம் பேருக்கு வேலை" என்று பட்டறைக்கு வந்து நோட்டீஸை நீட்டினான்.

"என்ன வேலை?"

"அது... பலதரப்பட்ட வேலை."

"யாரு குடுப்பா?"

"அண்ணி, எதிர்ல நிக்கிற சிமெண்ட் கடைக்காரர் தொழிற்பேட்டை, ரெண்டாயிரம் வேலைன்னு சொல்றாரு. நாம ஆயிரமாவது சொல்லலைன்னா என்ன மரியாதை?" குரலைத் தாழ்த்தினான். "நீங்க மேடை ஏறி நமக்காக ரெண்டு வார்த்தை பேசணும். சொந்தமா தொழில் நடத்துறவங்க பேசினா எடுபடும்."

பைக்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஆயிரத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. எனக்கு ரெண்டே ரெண்டு பேர் கொண்டா. மேடை ஏறி ரெண்டு வார்த்தை இல்ல, இருபது வார்த்தை பேசறேன்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

நான்கு நாள் ஆளையே காணோம். "எங்க போனாரு நம்ம தலைவர்?" என்று அவள் புருஷன்கூடக் கேட்டுவிட்டான். ஐந்தாம் நாள் மைக் வந்தபோது செருப்பெல்லாம் புழுதி. கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அவனுக்கு வாய் இருப்பது ஊருக்கே தெரியும். காதும் இருக்கிறது என்பதைப் பைக்காரம்மா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"முப்பத்தொரு வீடு ஏறி இறங்கினேன் அண்ணி. தைக்கத் தெரிஞ்சவங்க பதினேழு பேர். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஏழு பேர். அவங்களுக்குக் கடைசி பஸ் அஞ்சு மணிக்கு. நீங்க விடறது அஞ்சரைக்கு. அரை மணி, வெறும் அரை மணிதான் இடிக்குது." பக்கத்தைப் புரட்டினான். "இன்னொரு ஆறு பேருக்குப் பிள்ளைங்க மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துடும். பார்த்துக்க ஆளில்ல."

"சரி. மிச்சம் நாலு பேர்?"

மைக் நோட்டை மூடினான். "அவ்வளவுதான்."

"மூடினதைத் திற."

"அவங்க உங்களைப் பத்திச் சொன்னாங்க." நோட்டை மறுபடி திறந்தான். "எட்டு மணிக்குக் கதவைச் சாத்திடறீங்களாம். எட்டு அஞ்சுக்கு வந்தா அன்னிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதானாம்."

"ஒழுங்கு வேண்டாமா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்தம்மா தங்கம்தான், ஆனா அடுப்புல இருக்கிற தங்கம், கிட்ட போக முடியாது'ன்னாங்க ஒருத்தங்க."

நான்கு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறு நொடி நான்கும் தேவைக்கு மேல் வேகமாக ஓடத் தொடங்கின. பைக்காரம்மா ஏற்கெனவே அளந்து வைத்த தோள்பட்டியை எடுத்து இன்னொரு முறை அளந்தாள்.

மறுநாள் காலை, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரிடம் சொல்வது போலச் சொன்னாள்: "பிள்ளை இருக்கிறவங்க ஒன்பதரைக்கு வந்து ரெண்டரைக்குப் போகலாம். அக்கரைக்காரங்க நாலரைக்கே கிளம்பலாம்." ஒரு வாரத்தில் போர்வைகள் இரண்டும் எடுபட்டன.

சொன்ன வாக்குப்படி மேடை ஏறினாள். அதற்குள் மைக் நோட்டீஸை மாற்றியிருந்தான். ஆயிரம் வேலை போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆறு மணிக்கு ஒரு பஸ், பள்ளி விட்டபின் பிள்ளைகள் இருக்க ஒரு கூடம், அவ்வளவுதான். "நான் தொழிற்பேட்டையே கொண்டுவரேன். தம்பி பஸ்ஸுக்கு நேரம் குறிச்சுக்கிட்டு இருக்காரு" என்று சிமெண்ட் கடைக்காரர் தன் கூட்டத்தில் சொல்ல, ஊரே சிரித்தது.

மேடையில் பைக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என் கொழுந்தன் சொன்ன ஆயிரம் வேலை சும்மா" என்று ஆரம்பித்தாள். மைக்கின் முகம் சுண்டிவிட்டது. "அதை அவனே எடுத்துட்டான். ரெண்டு வேலை நிஜம். அந்த ரெண்டு பேரும் முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க, கேட்டுக்கோங்க. பஸ் அரை மணி முந்திப் போயிடுறதால அக்கரையில இன்னும் அஞ்சாறு பேர் வேற எங்கயும் வேலைக்குப் போக முடியாம வீட்டுல இருக்காங்க." அதற்கப்புறம் அவளுக்குப் பேச்சு பிடித்துப்போயிற்று. பின்னால் கொழுந்தன் இரண்டு தரம் இருமியும் இறங்கவில்லை.

முப்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் மைக் தோற்றான். இரண்டு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் மாதம் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடிவந்தான். திங்கட்கிழமை முதல் ஆறு மணி பஸ். பக்கத்தில் சிமெண்ட் கடைக்காரர் சிரிக்கும் படம்.

"இது என்னோட பஸ் அண்ணி."

"யாரோடதா இருந்தா என்ன, சக்கரம் உருளுதா இல்லையா?"

"கூடத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல பாருங்க."

"அப்ப போய்க் கேளு. தோத்தவன் கேட்கக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

முனகிக்கொண்டே போனான். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் பட்டறையைப் பூட்டிக்கொண்டு பைக்காரம்மா பஸ் நிறுத்தப் பக்கம் வந்தபோது, இஸ்திரி போட்ட சட்டையில் அவன் அங்கே நின்றிருந்தான். ஏறுகிறவர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பதினொரு பேர். அவனை யாரோ அதிகாரி என்று நினைத்துக்கொண்ட கண்டக்டர் படியிலிருந்தபடி கேட்டார்: "டைம் சரியா இருக்கா சார்?"

மைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டு நிமிஷம் லேட். நாளைக்குப் பார்த்துக்கோங்க."

"சரி சார்" என்றார் கண்டக்டர்.