தலைக்கு மேல் கடல்

கெசியாவுக்கு அந்த ஆசை வந்தது ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில். வண்ணார்பேட்டையில் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ளப் போயிருந்தாள். கன்னத்தைப் பொத்திக்கொண்டு காத்திருந்த அறையில் சுவர் ஓரமாக ஒரு சின்னக் கடல்நீர்த் தொட்டி இருந்தது. வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் பூப்போல விரிந்த கடலுயிரான ஒரு கடல்சாமந்தியின் விரல்களுக்குள் புகுவதும் வெளியே வருவதுமாக இருந்தன. உள்ளே வரச்சொல்லி நர்ஸ் பெயரைக் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. பல் வலித்ததுகூட அப்போது நினைவில் இல்லை.

அன்று மாலை கணவனிடம் சொன்னாள்.

"ஏங்க, நம்ம வீட்ல ஒண்ணு வைப்போமா?"

"எத?"

"கடல."

ரிச்சர்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஏட்டி, ஊசிய ஒனக்குப் பல்லுல போட்டாங்களா, மூளைல போட்டாங்களா?"

ரிச்சர்டுக்குப் பேட்டையில் சொந்தமாக வெல்டிங் பட்டறை. கெசியாவுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. வீடு வாடகை வீடு, மாடி. கீழே வீட்டுக்காரர் அப்பாத்துரை தனியாக இருந்தார். மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்து, வயதானதும் விற்றுவிட்டவர்.

சிறு தொட்டியாக ஆரம்பிக்கலாம் என்றுதான் கெசியாவும் நினைத்தாள். ஆனால் படிக்கப் படிக்க எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சின்னத் தவறுகூட மீனைக் கொன்றுவிடும். தண்ணீர் அதிகம் என்றால் தவறைத் தாங்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நிறையத் தவறு செய்வார்கள் என்பதால் அவள் ஆறடித் தொட்டிக்குப் போனாள். ரிச்சர்ட் மனக்கணக்குப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். கண்ணாடி, தண்ணீர், மணல், கல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும்.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டது கெசியாதான்.

"மீன் தொட்டிதானம்மா? தாராளமா வச்சிக்கிடுங்க. எம்மவ வீட்லகூட டிவி பக்கத்துல வச்சிருக்கா" என்று அப்பாத்துரை இரண்டு கைகளையும் ஒரு பூசணிக்காய் அளவுக்கு விரித்துக் காட்டினார்.

கெசியா அந்தக் கைகளைப் பார்த்தாள். தொட்டி அதைவிட எவ்வளவு பெரிசு என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினாள். அவர் நாகர்கோவிலுக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், பட்டறை ஆட்கள் தோள்கொடுத்துத் தொட்டியை மாடியேற்றினார்கள். ரிச்சர்ட் குளியலறைச் சுவரை ஒட்டித் தாங்கியை நிறுத்தினான். அதற்கு நேர்கீழே பீம் போகிறது என்று அவன் சொன்னான்.

அதன்பிறகு தொட்டியைச் சுற்றியே அவர்களுடைய நாட்கள் போயின. தூத்துக்குடியில் கடல்மீன் கடை வைத்திருந்த ஆதில்தான் போனில் வழி சொன்னவன். கெசியா முதலில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து தண்ணீர் கொண்டுவரலாமா என்று கேட்டதற்கு அவன் சிரித்தான். "அக்கா, ஊரே குளிக்கிற தண்ணி அது. மீனுக்கு வேண்டாம். நல்ல தண்ணிய வடிகட்டி உப்பக் கலக்குங்க." பவளக்கல் கிடைக்குமா என்று கேட்டபோது அவன் குரல் மாறியது. "கடல்ல இருந்து பவளப்பாறை எடுக்கது குத்தம்க்கா. யாராவது கொண்டாந்து குடுத்தாலும் வாங்கிராதீய."

அதனால் பாறைகளை ரிச்சர்ட் பட்டறையில் செய்தான். சிமெண்டோடு கல்லுப்பைக் குழைத்து அச்சில் இறுகவிட்டுத் தண்ணீர் டிரம்மில் ஊறப்போட்டான். உப்பு கரைந்து போன இடமெல்லாம் குகையும் துளையுமாக, கடல் அரித்த கல் போலவே ஆனது. முதலில் கிண்டல் செய்தவன், பிறகு வெல்டிங்கை ஆட்களிடம் விட்டுவிட்டுக் கல் செய்துகொண்டிருந்தான்.

தண்ணீர் நிரப்பிய பிறகும் மீன் விட முடியாது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் வளர வேண்டும். வாரக்கணக்கில் அவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இரவு உணவு சாப்பிட்டார்கள். கண்ணாடியெங்கும் பழுப்புப் பாசி படர்ந்தது. பின்பு ஒருநாள் அதுவாகவே தெளிந்தது. அப்புறம் பண்ணையில் பொரித்து வளர்த்த ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கடல்சாமந்தி, காளான் போல விரியும் மென்பவளங்கள், மணலுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு சின்ன மஞ்சள் மீன் என்று ஒவ்வொன்றாக வந்தன. அலுவலகத்திலிருந்து வந்ததும் கெசியா செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன் போய் நிற்பாள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கீழே ஹாலில் அப்பாத்துரை தன் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதை மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் பார்ப்பாள். அவர் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மூட்டுவலியால் அவர் மாடிக்கு வருவதில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் தினமும் நினைத்தாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையிலிருந்து திரும்பி அவள் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

"எம்மா கெசியா! ரிச்சர்டு! ரெண்டு பேரும் கீழ வாங்க!"

ஹால் நடுவில் அப்பாத்துரை நின்றுகொண்டிருந்தார். சாய்வு நாற்காலி மேல் முறம் அகலத்துக்கு ஒரு காரைப் பாளம் விழுந்து, நாற்காலியின் கை முறிந்து கிடந்தது. எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் விழுந்திருக்கிறது. மேலே, பீமை ஒட்டினாற்போல, கம்பிகள் துருப்பிடித்துத் தெரிந்தன. ஈரம் கோத்திருந்தது.

அந்த இடத்துக்கு மேலே எது இருக்கிறது என்று கெசியாவுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது.

"கோயிலுக்குப் போவலன்னா இந்நேரம் எந்தலைல விழுந்திருக்கும்" என்றார் அப்பாத்துரை. "மழ விட்டு எத்தன நாளாச்சு? ஈரம் எங்கருந்து வருது?"

"அண்ணாச்சி," என்றாள் கெசியா, "எங்க தொட்டி சின்னது இல்ல. ஆறடி. மேல ஒரு டன்னுக்கு மேல பாரம் இருக்கு. ஒங்ககிட்ட சொல்லாம வச்சிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார், மேற்கூரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"ஒரு டன்னா? எந்தலைக்கு மேலயா? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு?"

அதோடு முற்றத்துக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் கெசியாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரிச்சர்ட் தாமதிக்கவில்லை. தெரிந்த இன்ஜினியர் கணேஷ்ராமுக்குப் போன் செய்தான். அவர் சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார், சாப்பிட்டுவிட்டு நேரே வருவதாகச் சொன்னார். "அதுவரைக்கும் பாரத்தக் கொறைங்க. கீழ யாரும் நிக்க வேண்டாம்" என்றார். ரிச்சர்ட் பட்டறைக்கு ஓடி லோடு ஆட்டோவில் நீல டிரம்களை ஏற்றிக்கொண்டு வந்தான்.

"பீமுக்கு மேலதான் வச்சிருக்கேன்னு சொன்னீயளே" என்றாள் கெசியா.

"அப்பம் அப்படித்தான் நெனச்சேன். இப்பம் எனக்கே சந்தேகமா இருக்கு" என்றான் அவன்.

ஒரு வருட உழைப்பை அவர்கள் வாளி வாளியாக இறக்கினார்கள். பம்புகளை நிறுத்தியதும் வீடு திடீரென்று அமைதியானது. போனில் ஆதில் சொல்லச் சொல்லக் கெசியா செய்தாள். கடல்சாமந்தியைக் கல்லிலிருந்து பிய்க்காமல் கல்லோடு தூக்கினாள். கோமாளி மீன்கள் அதை விட்டுப் பிரியாமல் கூடவே வந்ததால் அவற்றைப் பிடிப்பது எளிதாக இருந்தது. மஞ்சள் மீனைத்தான் காணவில்லை.

"மணலக் கிளறிராதீயக்கா. அடியில தங்குன கசடு கெளம்பிச்சின்னா எல்லாத்தையும் கொன்னுரும். நாலு விரக்கட தண்ணி விட்டு, ஒரு காத்துப் பம்பும் போட்டு வைங்க, அது வளைக்குள்ள இருக்கும்" என்றான் ஆதில்.

முற்றத்தில், முருங்கை மர நிழலில், டிரம்கள் வரிசையாக நின்றன. பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்புகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. கெசியா அடுத்த வாளியோடு இறங்கி வந்தபோது, அப்பாத்துரை தன் நாற்காலியை டிரம் பக்கத்துக்கு நகர்த்தியிருந்தார். கையில் குடை.

"பக்கத்து வீட்டுப் பூன மதில்மேல வந்து உக்காந்திருக்கு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ பைய எறங்கு. படியெல்லாம் ஈரம்."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடி மேலே போனாள்.

தொட்டி ஏறக்குறைய காலியானதும் அவள் ஹால் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பாரம் குறைந்துவிட்டது, ஆனால் கம்பி நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, தரையில் விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாடிக்கு ஓடினாள்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க அவளிடம் ஒரு சிறு குழல் இருந்தது. ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால் உள்ளே கோடு உப்பின் அளவைக் காட்டும். தொட்டித் தண்ணீருக்குக் கோடு முப்பத்தைந்தில் நிற்க வேண்டும். தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது பழகிய காட்சி. துடைப்பக் கம்பில் ஒரு பாட்டில் மூடியைக் கட்டி, வாசலில் நின்றபடியே எட்டி நீட்டிச் சொட்டைப் பிடித்தாள். குழலை முற்றத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்தாள்.

கோடு பூஜ்யத்தில் இருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பூஜ்யம்தான்.

"உப்பில்ல!" என்று கத்தினாள். "ஏங்க! அண்ணாச்சி! உப்பே இல்ல!"

"எதுல? சோத்துலயா?" என்றார் அப்பாத்துரை.

"கசியிற தண்ணில! இது எங்க தொட்டித் தண்ணி இல்ல அண்ணாச்சி, நல்ல தண்ணி!"

ரிச்சர்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "தண்ணி நம்மளது இல்ல, சரி. பாரம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கல்யாணப் பட்டு வேட்டியில், நெற்றியில் சந்தனத்தோடு வந்தது. கணேஷ்ராம் தாம்பூலப் பையை முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டு உள்ளே போனார். சுத்தியல் கட்டையால் மேற்கூரையைத் தட்டித் தட்டிக் கேட்டார். கீழே வாசல் சுவரிலிருந்து அளந்தார். மாடிக்குப் போய் அதே சுவரிலிருந்து மறுபடி அளந்தார். குளியலறைக்குள் போனார்; வெகுநேரம் வெளியே வரவில்லை. கெசியா விரல் நகத்தைக் கடித்தபடி வெளியே நின்றாள்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தொட்டி சொவத்துக்கு இந்தப் பக்கம். காரை விழுந்தது அந்தப் பக்கம், ஒங்க குளியலறைக்குக் கீழ. தண்ணி போற குழா இணைப்புல கசியுது. இது நேத்து முந்தாநாள் கசிவு இல்ல, பல வருசத்துக் கசிவு. கம்பி துருப்பிடிச்சு வீங்கிக் காரையத் தள்ளிட்டு."

"அப்பம் தொட்டி?" என்றான் ரிச்சர்ட்.

"பீமுக்கு மேல கச்சிதமா நிக்கி. நீருதான வச்சீரு? நல்லாத்தான் வச்சிருக்கீரு வே. பீம்ல ஒரு விரிசல்கூடக் கெடையாது. பாரத்தக் கணக்குப் போட்டுட்டேன், தாங்கும். குழாயச் சரிபண்ணி, கம்பியச் சுத்தம் பண்ணிப் பூசுங்க. அது ஆனபொறவு தைரியமாத் தண்ணி நெரப்புங்க."

கெசியா சுவரில் சாய்ந்தாள். மூச்சு ஒன்று அவளிடமிருந்து நீளமாக வெளியே போனது. காலையிலிருந்து அதை அடக்கி வைத்திருந்தது போல இருந்தது. பிறகு, எல்லோரும் பார்க்கவே, ரிச்சர்டின் ஈரச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்பாத்துரை முற்றத்திலிருந்து கேட்டார்: "அப்பம் வீடு விழாதா?"

"விழாது அண்ணாச்சி."

"குழா எங்குழாதான்" என்றார் அவர், குடையை மடக்கிக்கொண்டே. "நான்லா பாத்திருக்கணும்." பிறகு கெசியாவை அருகில் அழைத்தார். "தாயி, சொல்லாம வச்சது தப்புதான். ஆனா கேட்டதும் மறைக்காமச் சொன்ன பாரு. அது போதும். காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல, எனக்குப் பசிக்கி."

வீட்டில் சமைத்தது எதுவும் இல்லை. கணேஷ்ராமின் தாம்பூலப் பையிலிருந்த லட்டையும் வாழைப்பழத்தையும் நால்வரும் டிரம்களைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோமாளி மீன்கள் நீல டிரம்முக்குள் கடல்சாமந்தியை ஒட்டிக்கொண்டு எதுவும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன.

பிளம்பரும் கொத்தனாரும் வந்து போகும்வரை அவை டிரம்மிலேயே இருந்தன. ஒரு மென்பவளம் மட்டும் சுருங்கிக் கரைந்துபோனது, மற்றவையெல்லாம் பிழைத்துக்கொண்டன. தண்ணீரை மறுபடி நிரப்பிய சாயங்காலம் மஞ்சள் மீன் வளையிலிருந்து தலையை நீட்டியது. அன்று அப்பாத்துரை ரிச்சர்டின் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, மாடியேறி வந்தார். தொட்டி முன் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் காப்பி ஆறும்வரை மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இந்தப் பாடு" என்றார் கடைசியில். பிறகு, "பரவால்ல, படலாம்" என்றார்.

இறங்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். இனி மேலே புதிதாக எது வந்தாலும் தன்னிடம் சொல்லிவிட வேண்டும். கெசியா தலையாட்டினாள். அடுத்த மாதம் தூத்துக்குடியில் ஆதில் கடையில் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ஒரு எறா வாங்குதேன். செவப்பா, முதுகுல வெள்ளக் கோடு போட்டது."

"எத்தன கிலோ?" என்று கேட்டார் அப்பாத்துரை.

அவள் சிரித்த சத்தத்தில் கடையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.