பாலாற்று மணலில் மூன்றாவது அலை

பாலாற்றில் தண்ணீர் இல்லாதது தமிழினிக்கு உதவியாக இருந்தது அந்த மாசி மாதத்தில் மட்டும்தான். ஆம்பூர்ப் பாலத்துக்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரைக்கும் மணல். காலை ஆறு மணிக்கு அதன்மேல் பனி படிந்து கிடக்கும்போது, அலை எல்லாம் கொஞ்ச நேரம் வெளியே போயிருக்கிற கடற்கரை மாதிரி இருக்கும். பதின்மூன்று அடி தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றால், உடைந்து கிடக்கும் சிமெண்டு பலகை அவளுக்கு முதல் அலை. முள்ளுச்செடி இரண்டாவது. சிவப்புத் தோல் துண்டைக் கட்டி அவள் நட்டுவைத்த மூங்கில் மூன்றாவது. அது சரியாக நூறு மீட்டர். பெரிய மீன் எல்லாம் அதற்கு அந்தப் பக்கம்தான்.

கடலை அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை. காலேஜ் டூரில் பத்து நிமிஷம். கரையில் ஒரு ஆள் நீளமான கம்பை வீச, ஈயக்குண்டு அலைகளைத் தாண்டிப் போய்க் கண்ணுக்கு மறைந்தது. பின்னாலேயே நூல் போய்க்கொண்டே இருந்தது. பஸ் ஹாரன் அடித்து அவளைக் கூப்பிட்டது. ஐந்து வருஷமாக அந்த நூல் அவள் தூக்கத்தில் போய்க்கொண்டே இருக்கிறது, இன்னும் தரை தொடவில்லை.

அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் மெக்கானிக் இருதயராஜும் ஆறு பேரும் மாதம் ஒருமுறை வேன் வைத்துக்கொண்டு கடலுக்குத் தூண்டில் போடப் போவார்கள். நானும் வருகிறேன் என்று கேட்டாள். தாராளமா வா, குழம்பு வைக்க ஆள் இல்லாமத்தான் கஷ்டப்படுறோம் என்றார் அவர். வீட்டில் முதல் டிகிரி வாங்கி, லேபில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிறவளிடம் சொல்கிற வார்த்தையா இது? கேண்டீனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டுவிட்டாள். அவருக்கும் ரோஷம் வந்தது.

"வரிசையா நின்னு போடுவோம்மா. உன்னுது கிட்டக்க விழுந்தா எல்லார் லைனும் பின்னிக்கும். நூறு மீட்டர் போடு, உனக்கும் ஒரு எடம். இல்லன்னா கொழம்பு."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஆம்பூரில் ரயிலேறிச் சென்னைக்குப் போனாள். தூண்டில் கடைக்காரர் ஒரு மெல்லிய கம்பை எடுத்துக் கொடுத்து, லேடீஸுக்கு இது ஈஸியா இருக்கும் மேடம் என்றார். அதற்கேற்ற அறுபது கிராம் ஈயக்குண்டுகளையும் பையில் போட்டுவிட்டார். தமிழினி கம்பின் நுனியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தாள். முற்றின வெண்டைக்காய் மாதிரி மடங்கியது. நாள் முழுக்கச் செருப்பையும் ஷூவையும் வளைத்துப் பார்க்கிறவளுக்குக் கை பொய் சொல்லாது. கடையில் இருந்த ஆறு கம்புகளையும் அப்படியே ஊன்றிப் பார்த்தாள். கடைசிக் கம்பு அசையவே இல்லை.

"அது உங்களுக்கு வளையாது மேடம். தோள் போய்டும்."

"அதையே குடுங்க."

கோபத்தில் கம்பை மாற்றினாளே தவிர, பையில் இருந்த குண்டுகளை மாற்றவில்லை. கம்பின் அடியில், அது வீசக்கூடிய எடை இருநூறு கிராம் என்று போட்டிருந்தது. லேபில் ஓர் எண் போட்டிருந்தால் அதைத் தாண்டக்கூடாது என்றுதான் பழக்கம். அறுபது என்றால் இன்னும் பத்திரம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆற்று மணலில் இரண்டு வாரம் வீசினாள். நாற்பது மீட்டர். ரொம்பப் போனால் நாற்பத்தைந்து. தையல் செக்‌ஷன் ஷஹீன் பானு, இவளுடைய தோஸ்த், காலடியால் தூரம் அளந்துவிட்டு வந்து மணலில் உட்காருவாள்.

"கம்பு வளையல தமிழு. நீதான் வளையற."

வெள்ளிக்கிழமை லேபில் ஷூவுக்குள் வைக்கிற இரும்புப் பட்டையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பட்டையின் ஒரு முனையைப் பிடியில் இறுக்கி, மறுமுனையில் எடை தொங்கவிட வேண்டும். முதல் எடைக்கு அது அசையவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்கு மெள்ளக் குனிந்தது, தூக்கத்தில் தலை சாய்கிற மாதிரி. எடையை எடுத்ததும் விசுக்கென்று நிமிர்ந்தது. தமிழினி மறுபடி தொங்கவிட்டாள், மறுபடி எடுத்தாள். சுமை போதவில்லை என்று வாரத்துக்கு நாலு ரிப்போர்ட்டில் எழுதுகிற கைதான் இது. அதைத் தனக்கு எழுதிக்கொள்ள இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

மத்தியானம் ஷஹீன் பானு கழிவுத் தோலில் சின்னதாக ஒரு பை தைத்தாள். அதற்குள் இரும்பு நட்டுகளைப் போட்டு, தராசில் நூற்றைம்பது கிராம் வந்ததும் வாயை மூடித் தைத்தாள். மிச்சத் தோலில், நூலைப் பிடிக்கிற விரல் அறுபடாமல் இருக்க, தமிழினியின் ஆள்காட்டி விரலுக்கு ஓர் உறை. கனத்துக்கு நூல் அறுந்துவிடக்கூடாது என்று அதன் நுனியில் தடித்த நைலான் நரம்பைச் சேர்த்து முடிந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் இருதயராஜ் இரண்டு பேரோடு ஆற்றுக்கு வந்து, கையில் டீயோடு அவளுக்குப் பின்னால் நின்றார். முதல் வீச்சில் நூலை விட நேரமாகிவிட்டது. பை பத்தடியில் மணலைக் குத்தியது. யாரோ சிரித்தார்கள். மொளகாத்தூள் ஜாஸ்தி போடாத என்றார் ஒருத்தர்.

அவள் திரும்பவில்லை. மணலைத் தட்டிவிட்டுப் பையைத் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டாள். வலக்கை தள்ள, இடக்கை கம்பின் அடியை நெஞ்சுக்கு இழுக்க, வளையாத கம்பு வளைந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி ஒரு கனம். பிறகு அந்த யாரோ விட்டுவிட்டார்கள். விரலை எடுத்தாள்.

சத்தம் எல்லாம் நின்றுபோனது. பாலத்தின்மேல் பஸ் போனது, ஹாரன் கேட்கவில்லை. நூல் போனது. சிமெண்டு பலகையைத் தாண்டி, முள்ளுச்செடியைத் தாண்டி, வெயில் சாய்ந்து செம்மண் நிறமாகிவிட்ட காற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது. கால் கட்டைவிரலை ஏதோ நனைத்தது போல் இருந்தது. குனிந்து பார்க்க மனசு வரவில்லை. ரொம்ப தூரத்தில், மூங்கிலுக்கு அந்தப் பக்கம், சின்னதாக மணல் எழுந்து அடங்கியது.

ஷஹீன் பானு மூங்கில் வரைக்கும் ஓடி, அதற்கப்புறம் பதினோரு அடி வைத்து நின்று கையைத் தூக்கினாள்.

இருதயராஜ் டீயைக் குடித்து முடித்தார். "நாளைக்கு விடியக்கால மூணு மணிக்கு வேன். லேட்டாச்சுன்னா நிக்க மாட்டேன்."

"கொழம்பு?"

"மொறை போட்டுக்கலாம். இந்த மாசம் நான்."

தமிழினி ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பை மணலில் தேய்ந்து வர, மீன் கடித்த மாதிரி கம்பின் நுனி தலையாட்டியது, நின்றது, மறுபடி ஆட்டியது. அவள் சுற்றுவதை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கனத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.