ரெண்டட்டை முனை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

பள்ளிமுனைக்கு அப்பால் வெறும் மணல்முனை ஒன்று கிடந்தது. கடலடியில் பொறுக்கும் கடலட்டைக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும், பொன் விளைகிறது என்று கேள்விப்பட்டதுபோல எங்கெங்கிருந்தோ சனம் வந்து கொட்டில் போட்டது. நானும் என் மனைவி றோஸ்மேரியும் போய் வீடு கட்டினோம். கடை வந்தது, பஸ் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை. நான் வைத்தேன்: பொன்முனை. பத்திரிகையில் நீண்ட கட்டுரையும் எழுதினேன்.

2

(பழைய தொடக்கம்: ‘அலைகள் தாலாட்டும் பொன்முனையில் ஒரு மாலை...’ சீ, வேண்டாம்.)

முனைக்குப் போகும் வழியில் உள்ள காவல்சாவடியில் அடையாள அட்டை காட்டாமல் விடமாட்டார்கள். கடலட்டை வாங்க வரும் வியாபாரி மில்ரன் ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் சொன்னான்:

“அந்த அட்டை இல்லாட்டி இந்த அட்டை இல்லை. இது ரெண்டட்டை முனையடாப்பா!”

கடையே சிரித்தது. அடுத்த கிழமை பஸ் கொண்டக்டரும் “ரெண்டட்டை, ரெண்டட்டை” என்று கத்தினான். என் கட்டுரை வந்த தாளில் அதே தேத்தண்ணிக் கடைக்காரர் எண்ணெயில் பொரித்த வாய்ப்பனைச் சுற்றிக் கொடுத்தார்.

3

முதல் வரைவில் மில்ரனைக் கடலில் மூழ்கடித்தேன். வாசித்த றோஸ்மேரி கண்ணைத் துடைத்தாள்.

“பாவம், அந்த மனுசனை ஏன் சாக்காட்டினனீங்கள்?”

“கதைக்குத் தேவை.”

“கதைக்கோ? உங்களுக்கு எரிச்சல்.”

ஓம், எரிச்சல்தான். என் எந்தக் கதைக்கும் அவள் அழுததில்லை. (அடிக்குறிப்பு: எனக்கு முந்தி அவளைப் பெண் கேட்டு வந்தவன் மில்ரன்.) வேறு வழியில்லாமல் அவனைக் கரையேற்றினேன்.

4

பெயர்ப்பலகை வைக்க ஊரார் கூட்டம் கூட்டினார்கள். இந்தக் கடலில் முன்னோர் முத்துக்குளித்த காலத்திலிருந்து தொடங்கி நான் பேசினேன். மில்ரன் வரவே இல்லை. பொன்முனைக்கு என் கை மட்டும் உயர்ந்தது. ரெண்டட்டைக்கு மற்ற எல்லாக் கைகளும். தலைமயிரை ஒதுக்கத்தான் றோஸ்மேரி கையை உயர்த்தினாள் என்று இங்கே எழுதியிருந்தேன். பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.

5

முடிவு. இன்று வீடு திரும்ப முருங்கனில் பஸ் ஏறினேன். பள்ளிமுனை தாண்டியதும் கொண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஐயா எங்க இறங்கிறீங்கள்?”

பொன்முனை என்றால் அவனுக்கு விளங்காது, பஸ் நிற்காது. வீட்டில் றோஸ்மேரி சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பாள். நான் வாயைத் திறந்து,

“..........................”

இடம் விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கோ. ஆனால் மெதுவாகச் சொல்லுங்கோ. முன் சீற்றில் மில்ரன் இருக்கிறான்.