எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஈரத்துண்டு சுற்றிய கையோடு திம்மராயன் பின்னால் நகர்ந்தார். ரேடியேட்டருக்குள்ளிருந்து தண்ணீர் பொங்கி வழிந்தது. எண்ணெய் கலந்து மோர் மாதிரி இருந்தது.

"இப்ப ஊத்தாதீங்க நைனா," என்றான் மகன் ராமப்பன். "சூட்டுல பச்சத்தண்ணி பட்டா இன்ஜினே வெடிச்சிடும். ஆறட்டும்."

"எவ்ளோ நேரம்?"

"அரை மணியாச்சும் ஆவும்."

சூளகிரியைத் தாண்டி நாலு கல் வந்திருந்தார்கள். ஓசூரிலிருந்து வண்டி சூடாகி நிற்பது இது மூன்றாவது தடவை. பின் சீட்டில் அவர் மனைவி சென்னம்மா, மகள் முனிலட்சுமியின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். மூச்சு இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் கூடிக்கொண்டே போனது.

காலையில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டு போங்கள், ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்றார். திம்மராயன் அந்த டாக்டரையும் நம்பவில்லை. சென்னம்மா நம்பினாள். "என் வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடு. நடு வீட்டுல படுக்க வெய்யி," என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் வாயைத் திறந்து கேட்டது ரொம்பக் கொஞ்சம். வாடகைக் கார்க்காரர்கள் ஸ்டேட் தாண்ட பர்மிட் வேண்டும், அது வேண்டும், இது வேண்டும் என்றார்கள். சொந்தக் கார் இருக்கும்போது இவன்களிடம் என்ன பேச்சு என்று இவரே தன் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

மாங்காய் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்தில், பழசாக வாங்கிய கறுப்புக் கார் அது. இந்த எண்பத்தேழில் அதற்கு இருபது வயசு. மூன்று மாசத்துக்கு முன்னால் இன்ஜின் சூடாக ஆரம்பித்தபோது ஓசூர் மெக்கானிக் சம்பங்கி அதைப் பிரித்துக் காட்டினான். இன்ஜினுக்கும் ஹெட் என்கிற அதன் மேல்மூடிக்கும் நடுவே இருக்கிற செப்புத் தகடு ஓரத்தில் கருகிப் போயிருந்தது.

"கேஸ்கட்டு போயிடுச்சு பெரியவரே. ஹெட்டும் வளைஞ்சிருக்குது. பெங்களூர் அனுப்பி சமம் பண்ணிட்டு, புது கேஸ்கட்டு போடணும். ஆயிரத்து இருநூறு ஆவும்."

"வளைஞ்சிருக்குதுன்னு நீ சொல்றே. என் கண்ணுக்கு நேராத்தான் தெரியுது."

"ஸ்கேல் வெச்சுக் காட்டட்டுமா?"

"ஸ்கேலும் உன்னுதுதானே."

சம்பங்கி சிரித்துவிட்டான். திம்மராயன் சிரிக்கவில்லை. பழைய கேஸ்கட்டையே நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்து, பசை தடவி, மறுபடியும் போடச் சொன்னார். சாமான் எதையாவது மாற்றிவிடப் போகிறான் என்று, வேலை முடிகிறவரை ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது சம்பங்கி, "சந்தைக்குப் போய் வாங்க, அவ்ளோதான். தூரம் வேணாம்," என்றான். அடுத்த வேலைக்கு வலை வீசுகிறான் என்றுதான் இவர் நினைத்தார்.

ராமப்பன் ரோட்டில் போன லாரிகளுக்குக் கை காட்டினான். ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து, பின் சீட்டை எட்டிப் பார்த்தான்.

"தப்பா நெனைக்காதீங்க பெரியவரே. வழியில ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத்தான் ஸ்டேசனு, கோர்ட்டு எல்லாம்."

போய்விட்டான். அவனைத் திட்ட திம்மராயனுக்கு வாய் வரவில்லை. அவன் இடத்தில் இவர் வண்டியையே நிறுத்தியிருக்க மாட்டார்.

அரை மணி கழித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கார் இருமி இருமிக் கிளம்பியது. பின்னால் வெள்ளைப் புகை. குருபரப்பள்ளியில் திரும்பி வேப்பனப்பள்ளி ரோட்டில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் மாந்தோப்புகள் வந்தன. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"நைனா." முனிலட்சுமியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "நைனா, அம்மாவுக்கு மூச்சு வரல."

ராமப்பனின் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதே," என்றார் திம்மராயன். "நிறுத்துனா இது மறுபடி கிளம்பாது."

ஓடுகிற காரில், முன் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, கையை நீட்டி அவள் மூக்கருகே வைத்தார். வைத்தபடியே இருந்தார். ஒரு மேடு வந்தது. ஒரு பாலம் வந்தது. பிறகு அதே கையால் அவள் கண்களை மூடிவிட்டு நேராக உட்கார்ந்தார். சத்தம் போடாமல் அழ, முனிலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். கார் ஓடிக்கொண்டிருந்தது.

ரோட்டைப் பார்த்தபடியே ராமப்பன் கேட்டான். "நைனா, கல்லுகிட்ட என்னா சொல்றது?"

ஊர் எல்லையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருக்கிறது. வெளியே உயிர் போன உடம்பு அதைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. கல்லுக்கு வெளியிலேயே கிடத்தி, குளிப்பாட்டி, அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டு போவார்கள். மீறினால் மழை தப்பும் என்பது ஊர்ப் பேச்சு.

நாலு வருஷத்துக்கு முன்னால் திம்மராயனின் தம்பி மகன் முனிவேல் ஓசூரில் ஒரு கம்பெனி மிஷினில் மாட்டிச் செத்துப்போனான். இருபத்திரண்டு வயசு. வேனில் கொண்டு வந்தார்கள். அவன் அம்மா நஞ்சம்மா, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் தூக்கிவிடுகிறேன் என்று மண்ணில் விழுந்து கேட்டாள். நாலு பேர் மனசு இளகியது. கல்லுக்கு முன்னால் கையை விரித்து நின்றவர் திம்மராயன்தான். அன்றிலிருந்து தம்பி பொண்டாட்டி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உசுரு இருக்குதுன்னு சொல்லிடலாம். உள்ள போயிட்டு, அப்பறமா..." என்றான் ராமப்பன்.

திம்மராயன் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். நடு வீடு என்றுதானே கேட்டாள்.

சூளகிரிப் பக்கம் கார் நின்றதை பஸ்ஸில் போன யாரோ பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கல்லருகே ஊர் நின்றிருந்தது. ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் ராமப்பன் பிரேக் போட்டான். இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கிவிட்டது.

ஊர்ப் பெரியவர் நாராயணப்பன் ஜன்னல் பக்கம் குனிந்தார். "எப்டி இருக்குது திம்மராயா? உசுரு இருக்குதில்ல?"

திம்மராயன் வாயைத் திறந்தார். பொய் சொல்ல வராத ஆள் இல்லை அவர். ஆனால் கூட்டத்துக்குப் பின்னால் நஞ்சம்மா நின்றிருந்தாள்.

"வீட்டுப் பொம்பள யாராச்சும் பாருங்க," என்றார் நாராயணப்பன்.

நஞ்சம்மாதான் வந்தாள். கூட்டம் விலகியது. பின் கதவைத் திறந்து சென்னம்மாவின் பாதத்தைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. பிறகு தலையைத் தூக்கி முன் சீட்டைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று திம்மராயன் நினைத்தார். அவராக இருந்தால் சொல்லியிருப்பார்.

"உசுரு இருக்குது," என்றாள் நஞ்சம்மா.

"நல்லாப் பாத்தியாம்மா?"

"நான் பாத்துட்டுத்தான் சொல்றேன். நம்பிக்க இல்லன்னா நீ வந்து தொட்டுப் பாக்கறியா?"

யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். நாராயணப்பன் ஒதுங்கி வழிவிட்டார்.

ராமப்பன் சாவியைத் திருப்பினான். உள்ளே எதுவோ உரசியது. மறுபடி திருப்பினான். அந்தச் சத்தமும் இல்லை.

"கியர எடு. தள்ளிக்கலாம்," என்றாள் நஞ்சம்மா.

திம்மராயன் இறங்கிப் பின்பக்கம் போனார். நாலைந்து ஆண்கள் வந்தார்கள். டிக்கி மேல் கை வைத்தபோது பக்கத்தில் நஞ்சம்மாவின் கையும் இருந்தது. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கார் அசைந்தது. சக்கரம் கல்லைத் தாண்டி ஊர் மண்ணில் உருண்டது. பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின் கண்ணாடிக்குள் முனிலட்சுமி தாயின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது தெரிந்தது.

"மெல்லத் தள்ளுங்கப்பா," என்றாள் நஞ்சம்மா. "ஒடம்பு முடியாதவ."

எல்லாரும் மெல்லத் தள்ளினார்கள்.